தாண்டி நிற்பது

பதிமூன்று பாத்திரங்கள்.
புரசைவாக்கத்துக் கடை ஒன்றுக்கான தளம்.
விரலால் தள்ளினால் ஒவ்வொன்றாக வந்து
திரையின் நடுவில் நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

குரோமில் நிற்கிறது,
பிரேயர் வரிசையில் கை நீட்டி
இடைவெளி பார்த்துக்கொண்ட பிள்ளைபோல.
ஃபயர்பாக்ஸ் கொஞ்சம் யோசிக்கிறது:
அரை டம்ளர், அரைத் தூக்குச்சட்டி,
நடுவே ஒரு வெள்ளைக் கோடு,
அப்புறம் யாரோ முதுகில் தட்டியதுபோல்
சட்டென்று நகர்ந்து பொருந்துகிறது.
சஃபாரியில்
ஒரே தள்ளு.
இட்லிக் குண்டான், குக்கர், பால் செம்பு
எல்லாவற்றையும் தாண்டிக்
கடைசி அண்டாவில் போய் முட்டுகிறது.

கடைக்காரர் தவமணி கூப்பிட்டார்.
"குக்கர் வரவே மாட்டேங்குதும்மா.
பொங்கலுக்கு அதுலதான் தள்ளுபடி."
என் மேசையில் வருகிறதே என்றேன்.
"உங்க மேசைக்கா நான் விக்கப்போறேன்?"

விதி ஒன்றுதான். படித்திருக்கிறேன்.
அதில் இரண்டு சொற்கள்:
கட்டாயம், அருகாமை.
கட்டாயம் என்றால் எதிலாவது ஒன்றில் நின்றே ஆக வேண்டும்.
அருகாமை என்றால் பக்கத்தில் வந்தால் நில்,
இல்லாவிட்டால் உன் பாடு.
பக்கம் என்பது எத்தனை தூரம்,
கையை எடுத்த பிறகு எவ்வளவு ஓடலாம்,
என்ன வேகத்தில் அடங்க வேண்டும்
என்பதையெல்லாம்
அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள்
விதி எழுதியவர்கள்.
அவர்கள் பஸ்ஸில் போகிறவர்களாக இருக்க முடியாது.

எஸ்.ஆர்.பி. டூல்ஸ், மாலை ஏழேகால்.
நிழற்குடை இருக்கிறது. பெயர்ப்பலகை இருக்கிறது.
அங்கே யாரும் நிற்பதில்லை.
ஐநூற்றெழுபது ஜூஸ் கடைக்கு முன்னால் நிற்கும்.
ஏசி வண்டி, சிக்னல் விழுந்தால் நிற்கும்.
சின்ன வண்டி கையைப் பார்த்து நிற்கும்,
முகத்தைப் பார்த்து நகர்ந்துவிடும்.
மூன்றுக்கும் நிறுத்தம் ஒன்றே.
நாங்கள்தான் முப்பதடி நீளத்துக்கு
எங்களைப் பரப்பிக்கொண்டோம்.
சாப்பாட்டுப் பையோடு சிலர் ஜூஸ் கடைப் பக்கம்,
காதில் ஒயர் மாட்டிய பையன்கள் சிக்னலோரம்,
நான் எப்போதும் நடுவில்,
எந்தப் பக்கமும் ஓடத் தயாராக.
பதினோரு வருஷமாக
சம்பளத்துக்கும் இதைத்தான் செய்கிறேன்.

மடிப்பாக்கம், இரவு பதினொன்றரை.
'தாண்டாதே' என்று ஒரு வரி சேர்த்தேன்.
சஃபாரி கேட்டுக்கொண்டது.
ஃபயர்பாக்ஸ் இப்போது அண்டாவைக் காட்ட மறுத்தது.
ஓரத்தில் இருபது புள்ளி இடம் விட்டேன்.
அண்டா வந்தது, டம்ளர் இடப்பக்கம் நழுவியது.
அதைப் படம் பிடித்து ஜெபசீலனுக்கு அனுப்பினேன்.
"எனக்கு நல்லாத்தானே நிக்குது" என்றான்.
இந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டி
டைடல் பார்க் வாசலில் வைக்கலாம்.

ஒன்றேகால் மணிக்கு,
பாதி சரி பாதி தப்பு என்ற நிலையில்
மறந்துபோய்
அப்படியே ஏற்றிவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

காலையில் தவமணி.
"இப்பத்தாம்மா சூப்பரா இருக்கு.
டம்ளருக்குப் பக்கத்துல குக்கர் பாதி தெரியுது பாரு,
அதை அப்படியே விட்டுடு.
பாதி தெரிஞ்சாத்தான்
அடுத்தது இருக்குன்னு தள்ளுவாங்க.
கடையில நான் அப்படித்தான் அடுக்குவேன்."

அது பிழை என்று நான் சொல்லவில்லை.
பிழைக்கு ஒரு எண் இருந்தது.
அதன் கீழே 'வாடிக்கையாளர் விருப்பம்'
என்று எழுதி மூடினேன்.
இனி அந்தப் பாதி
மூன்றிலும் ஒரே பாதியாக வர வேண்டும்.
நான்கு நாள் கேட்டிருக்கிறேன்.

இன்று மாலை ஐநூற்றெழுபது
ஜூஸ் கடையை எட்டவில்லை,
சரியாக என் முன்னால் வந்து நின்றது,
படிக்கட்டு என் செருப்புக்கு நேராக.
அதற்குள் நான்
ஓடத் தொடங்கியிருந்தேன்.